கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே: எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றி வாசகர் கேள்விகள்

மாசி பிறந்ததிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் மாடி அறை வெப்பத்தைப் பற்றியவை. தகரக் கூரைக்கும் அதன் கீழே கட்டிய ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையில் அடைபடும் சூட்டை எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து வெளியேற்றலாமா என்பதையே பலரும் வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்தவற்றை ஒதுக்கிவிட்டு ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அந்த இடைவெளிக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர் இருப்பதால், வசதிக்காக அதை மச்சு என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: மொட்டை மாடியில் 30 அடிக்கு 20 அடியில் ஒரு ஹால் எடுத்து, இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) அடித்து, செங்கல் நிறக் கலர் ஷீட் போட்டிருக்கிறோம். அதன் கீழே ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் செய்திருக்கிறோம். மச்சின் உயரம் முகட்டில் 5 அடி, ஓரத்தில் 1 அடி. கிழக்கிலும் மேற்கிலும் முக்கோணச் சுவர் எழுப்பியாயிற்று. அணில் தொல்லைக்குப் பயந்து இறவாரத்து இடைவெளியைச் சிமென்ட் பூசி அடைத்துவிட்டோம். இரவு பத்து மணிக்கும் அறைக்குள் உட்கார முடியவில்லை. கடைக்காரர் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போதும் என்கிறார். எலெக்ட்ரீஷியன் இரண்டு வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: இருவரும் ஃபேனைப் பற்றியே பேசுகிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அணிலுக்குப் பயந்து நீங்கள் பூசிய சிமென்ட்தான். ஃபேன் காற்றை உண்டாக்குவதில்லை. ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. நான்கு புறமும் அடைத்த மச்சில் ஒன்றல்ல, மூன்று ஃபேன் மாட்டினாலும் அவை நின்ற இடத்திலேயே காற்றைக் கடைந்துகொண்டிருக்கும். அல்லது, அதைவிடத் தொல்லையாக, விளக்கு மாட்டிய துளைகள் வழியாகவும் ஜிப்சம் போர்டின் ஓர விரிசல்கள் வழியாகவும் உங்கள் அறைக் காற்றையே மேலே உறிஞ்சத் தொடங்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தது சென்ற கோடையில், ஒரு நண்பரின் வீட்டில். அவருடைய மச்சில் ஃபேன் முழு வேகத்தில் ஓடியது; ஆனால் வெளியே நின்று பார்த்தபோது, காற்று தள்ளியதும் விரிந்து நிற்க வேண்டிய லூவர் இதழ்கள் பாதி திறந்தும் திறவாமலும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அறைக்குள் வந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, சீலிங் விளக்குக்குக் கீழே பிடித்தோம். புகை நேராக எழாமல் வளைந்து, விளக்கின் விளிம்பைச் சுற்றியிருந்த நூலளவு இடுக்கில் நுழைந்து மறைந்தது. மச்சுக்கு ஏறும் மூடியை ஒரு சாண் திறந்ததும் லூவர் இதழ்கள் படபடப்பை விட்டுக் கிடைமட்டமாக விரிந்து நின்றன, ஃபேனின் ஓசையும் மாறியது. கீழ் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றைத்தான் அந்த ஃபேன் இத்தனை நாளும் வெளியே தள்ளியிருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் வீட்டுக் காற்றோட்டச் சாதனங்களுக்கான ஹோம் வென்டிலேட்டிங் இன்ஸ்டிடியூட் என்னும் அமைப்பு தரும் எளிய விதி ஒன்று உண்டு: மச்சின் தரைப்பரப்பைச் சதுர அடியில் எடுத்து 0.7 ஆல் பெருக்கினால், ஒரு நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று வெளியேற வேண்டும் என்பது கிடைக்கும். கூரை கருநிறமானால் 15 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் 600 சதுர அடிக்கு அது 420. நிறத்துக்காகக் கூட்டினால் 483. நம் ஊர்ப் பெட்டிகளில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள் என்பதால் 1.7 ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 820 வரும். ஆனால் அந்த விதி, பலகை அடித்து அதன் மேல் ஷிங்கிள் என்னும் கூரை வில்லைகளை ஒட்டிய அந்நாட்டுக் கூரைகளை மனத்தில் வைத்து எழுதியது. அரை மில்லிமீட்டர் ஷீட் மட்டுமே வெயிலுக்கும் மச்சுக்கும் நடுவே நிற்கும் நம் கூரைக்கு அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வைத்துக்கொள்வதே என் வழக்கம். மணிக்கு 1,400 கன மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

12 அங்குலம் என்பது இறக்கையின் வீச்சைச் சொல்லுமே தவிர, காற்றின் அளவைச் சொல்லாது. அதே 12 அங்குலத்தில் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடுவதும் கிடைக்கிறது, 1,400 சுற்று ஓடுவதும் கிடைக்கிறது. இறக்கை ஒன்றுபோல் இருந்தால் இரண்டாவது ஒன்றரை மடங்கு காற்றைத் தள்ளும், அதற்கேற்ப இரைச்சலும் கூடும். ஆகவே கடையில் அங்குலத்தைக் கேட்காமல், பெட்டியில் அச்சிட்டிருக்கும் கன மீட்டர் எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணும் எதிர்ப்பே இல்லாத திறந்த வெளியில் அளந்தது. லூவரும் வலையும் மாட்டிய பிறகு மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்லது. அதாவது, பெட்டியில் 2,000 அளவுக்கு அச்சிட்ட ஒரு ஃபேன் உங்களுக்கு வேண்டும், அல்லது அதில் பாதி தள்ளும் இரண்டு வேண்டும். இந்த அளவில் கடைக்காரரும் எலெக்ட்ரீஷியனும் ஆளுக்குப் பாதி சரி.

ஃபேனை வாங்குவதற்கு முன்னால் காற்று நுழையும் வழியைத் திறந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 300 கன அடி வெளியேற ஒரு சதுர அடித் திறப்பு வேண்டும் என்பது அதே அமைப்பின் இன்னொரு விதி. மணிக்கு 1,400 கன மீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 825 கன அடி, ஆகவே 2.75 சதுர அடி. இது வலையும் சட்டமும் அடைத்தது போக மீந்து நிற்கும் வெற்றுத் திறப்பு. வடக்கு, தெற்கு இரண்டு இறவாரங்களிலும் மேற்கு ஓரத்திலிருந்து 18 அடி நீளத்துக்குப் பூசிய சிமென்ட்டைத் தட்டி எடுத்து, இரண்டு அங்குல அகலத்துக்குத் திறந்துவிட்டால் மொத்தம் 6 சதுர அடி கிடைக்கும். அணில் நுழையாத 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள வெல்டட் மெஷ் அடித்தாலும் தாராளம். கொசுவலை மட்டும் வேண்டாம். அது முதல் நாளே திறப்பில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். ஆறு மாதத்தில் தூசு படிந்து மீதியையும் அடைத்துவிடும். கிழக்கு ஓரத்தில் எஞ்சும் 12 அடியைத் திறக்காமல் விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபேனுக்கு அருகிலேயே திறப்பு இருந்தால் அது பக்கத்தில் வந்த காற்றையே இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும்; மேற்கு மூலையில் நிற்கும் சூடு அசையாது.

ஃபேன் கிழக்குச் சுவரில்தான் இருக்க வேண்டும் என்பதை உங்கள் ஊரே முடிவு செய்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மேல்காற்றை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றுக்காகத்தான். மேற்குச் சுவரில் ஃபேனை மாட்டினால் அது நான்கு மாதமும் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டும், சாரலும் மோட்டாரின் மேலேயே விழும். கிழக்கில் மாட்டினால் காற்றே உங்களுக்கு வேலையாள். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முகட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு உயரத்தில் ஃபேனை வையுங்கள். பிரேம் அளவுக்கு மேல் சுற்றிலும் அரை அங்குலம் விட்டுச் சுவரைத் துளைத்து, மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ பதித்து, அதில் ரப்பர் வாஷர் போட்டு முடுக்கினால் அதிர்வு டிரஸில் ஏறாது. வெளிப்புறம் தகர மழைமறைப்பு வேண்டும். வடகிழக்குப் பருவ மழை கிழக்குச் சுவரிலும் சாய்ந்து அடிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் அறை நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குளிராமல் போகலாம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஃபேன் வெளியேற்றுவது காற்றில் ஏறிய சூட்டை மட்டுமே. மணிக்கு 1,000 கன மீட்டர் காற்று வெளிக்காற்றைவிட 10 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியேறினால் அது 3,300 வாட் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. இது சிறிய தொகை அன்று. ஆனால் ஷீட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஜிப்சம் போர்டை நோக்கி நேரே இறங்கும் கதிர்வீச்சு, இடையிலுள்ள காற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது முதுகுப்பக்கம் காற்று வீசினாலும் முகம் காய்வதைப்போலத்தான் இதுவும். பெயின்ட் அடித்த ஷீட் 65 டிகிரியிலும் போர்டு 45 டிகிரியிலும் இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 130 வாட் இப்படி இறங்கும். ஷீட்டுக்குக் கீழே, குறுக்குச் சட்டங்களின் அடியில், பளபளப்பான முகம் கீழே பார்க்கும்படி அலுமினியத் தாள் இன்சுலேஷனை இழுத்துக் கட்டினால் அது 10 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். போர்டின் மேலே விரித்துவிட்டால் வேலை சுலபம் என்று சிலர் சொல்வார்கள். அங்கே தூசு படிந்து பளபளப்பு போய்விடும். கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான் தாளைத்தான் முதலில் வாங்குவேன். ஃபேனை அடுத்த கோடைக்குத் தள்ளிப்போடுவேன்.

இரவு பத்து மணிப் புழுக்கத்துக்குக் காரணம் ஷீட் அன்று. மெல்லிய தகடு பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே ஆறிவிடுகிறது. சூட்டைப் பிடித்து வைத்திருப்பவை செங்கல் சுவரும் தளமும் ஜிப்சம் போர்டும்தான். இரவு எட்டு மணிக்குமேல் மச்சு மூடியைத் திறந்து, அறையின் சன்னல்களையும் திறந்து, அதே ஃபேனை ஓடவிட்டால் வெளிக்காற்று அறைக்குள் புகுந்து, சுவர்களைத் தடவி, மேலே ஏறிப்போகும். பகலில் இறுக்கி அடைத்திருக்க வேண்டிய அதே மூடியைத்தான் இரவில் திறக்கச் சொல்கிறேன். அப்போது ஏ.சி. ஓடக் கூடாது.

கேள்வி: சென்ற ஆண்டு மச்சில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரே கோடையில் நின்றுவிட்டது. இப்போது சுவிட்ச் போட்டால் 'உம்' என்று முனகுகிறது, சுற்றுவதில்லை. குச்சியால் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றுகிறது. மோட்டார் எரிந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். மறுபடியும் இதே கதிதானே நேரும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தள்ளிவிட்டால் சுற்றுகிற மோட்டார் பெரும்பாலும் எரிந்திருக்காது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் பல சுற்று ஓடி நின்றால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கிறது. அது மலிவானது, அதே மைக்ரோஃபேரட் எண்ணுள்ள ஒன்றை வாங்கி எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றிவிடலாம். கை எடுத்ததும் இறக்கை நின்றுவிட்டால், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகியிருக்கிறது. இதுபோன்ற ஒரு ஃபேனை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தண்டைச் சுற்றி எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் தூசும் எண்ணெயும் வெந்து, பாகு முறிந்து அடிப்பிடித்த வெல்லம்போல் கறுத்துக் கிடந்தது.

உங்கள் ஃபேனில் பிழை இருக்க வேண்டும் என்பதில்லை. அது சமையலறைக்காகச் செய்தது. சாதாரண மோட்டார்களைச் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி என்று கொண்டே வடிவமைக்கிறார்கள். சித்திரை மாதத்து மத்தியானத்தில் தகரக் கூரையின் மச்சு 55 டிகிரியைத் தாண்டும். அந்தக் காற்றே மோட்டாரின் மேல் பாய்ந்து வெளியேறுகிறது. ஆகவே புதிதாக வாங்கும்போது உலோக உடல், புஷ் அல்லாமல் பால் பேரிங், எஃப் வகுப்பு இன்சுலேஷன், அளவு மீறிச் சூடானால் தானே நின்றுகொள்ளும் ஓவர்லோடு பாதுகாப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். எஃப் வகுப்பு என்றால் சுருளின் காப்புறை 155 டிகிரிவரை தாங்கும். பி வகுப்பானால் 130. இவை கடைகளில் 'ஹெவி டியூட்டி' என்ற பெயரில் இருக்கும், விலை கூடும். பிளாஸ்டிக் உடலும் பிளாஸ்டிக் இறக்கையும் உள்ளவற்றைக் குளியலறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வயரிங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மச்சுக்குள் இழுக்கும் வயர் வெப்பம் தாங்கும் எச்.ஆர்.எஃப்.ஆர். வகையாக, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிவரை என்று கணக்கிட்டது. அது சூடான ஷீட்டை ஒட்டிக் கிடந்தால், மின்னோட்டத்தால் ஏறும் சூட்டுக்கு இடமே மிஞ்சாது. முழுவதும் கான்ட்யூட் பைப்புக்குள் போக வேண்டும், இணைப்பு ஜங்ஷன் பாக்ஸுக்குள் கனெக்டரில் முடுக்கப்பட வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில், அந்தச் சூட்டில் டேப்பின் பசை உருகி ஒழுகி அவிழ்ந்துவிடும். எர்த் வயரை மோட்டார் உடலிலும் இரும்புச் சட்டத்திலும் இணைப்பது கட்டாயம். உங்கள் கூரை முழுவதும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு என்பதை மறந்துவிட வேண்டாம். மெயின் சுவிட்ச் போர்டில், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இந்த வேலையோடு அதையும் மாட்டிவிடுங்கள்.

சுவிட்சோடு ஒரு தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து, மச்சு 40 டிகிரியைத் தொட்டால் ஓடி, குறைந்தால் நிற்கும்படி வைத்தால் மாலையில் அணைக்க மறந்தாலும் ஃபேன் வீணாகத் தேயாது. தெர்மோஸ்டாட்டின் உணர்முனை ஷீட்டைத் தொடாமல் காற்றில் தொங்க வேண்டும். மின் செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். 50 வாட் ஃபேன் நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்.

கேள்வி: தொழிற்சாலைக் கூரைகளில் காற்றிலேயே சுற்றும் உருண்டை வென்டிலேட்டர் வைக்கிறார்களே, அதை வீட்டுக்கு வைத்தால் மின்சாரமே வேண்டாம் அல்லவா? எங்களுடையது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: காற்று அடித்தால் சுற்றும், அடிக்காதபோது வெறும் துளையாக இருந்து, உள்ளே இருக்கும் சூட்டின் மேல்நோக்கிய உந்தலால் கொஞ்சம் வெளியேற்றும். வெப்பம் மிகுந்த, இலை அசையாத மத்தியானங்களில்தான் நமக்கு அது அதிகம் தேவை என்பதே இதிலுள்ள சங்கடம். தொழிற்சாலைக் கூரை 20, 30 அடி உயரத்தில் இருப்பதால் அங்கே அந்த உந்தல் வலுவாக இருக்கும். மூன்றடி மச்சில் அது அவ்வளவு இருக்காது. இருந்தாலும் மின்சாரமில்லாமல், ஓசையில்லாமல் நடக்கிற காரியம் என்பதால் நான் இதை எதிர்ப்பதில்லை. காற்று நுழையும் திறப்பு இதற்கும் வேண்டும்.

உங்கள் வீட்டில் மட்டும் வேண்டாம் என்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர்ந்த நிலையில் அறுத்தாலோ துளைத்தாலோ பறக்கும் நார்த்தூள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்து நோயாக வெளிப்படக்கூடியது. பழைய ஷீட் மனித எடையையும் தாங்காது. அதன் மேல் ஏறி, உடைந்து, உள்ளே விழுந்து இறப்பவர்கள் உண்டு. கூரையைத் தொடாமல், பக்கச் செங்கல் சுவரில் ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டை மாற்றும் காலம் வரும்போது வென்டிலேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் இருக்கிறோம். இங்கே ஏட்டிக் என்று சொல்லும் எங்கள் மச்சு 1,800 சதுர அடி. முகடு நெடுகிலும் ரிட்ஜ் வென்ட் இருக்கிறது, இறவாரத்தில் சாஃபிட் வென்ட்டுகள் இருக்கின்றன. ஏ.சி. குழாய்களும் கேஸ் வாட்டர் ஹீட்டரும் ஏட்டிக்கிலேயே இருக்கின்றன. கூரை வேலைக்கு வந்தவர் இரண்டு பவர் ஃபேன் போட்டால் ஏ.சி. பில் குறையும் என்கிறார். போடலாமா?
– ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: வள்ளியூர் அன்பருக்குச் சொன்ன அதே கணக்கில் உங்களுக்கு நிமிடத்துக்கு 1,260 கன அடி, அதற்கு 4.2 சதுர அடி, அதாவது 605 சதுர அங்குலம் நுழைவழி என்று வரும். ஆனால் உங்கள் வீட்டில் நான் அந்தக் கணக்கைத் தொடங்கவே விரும்பவில்லை.

முதல் காரணம் வாட்டர் ஹீட்டர். புகைப்போக்கி வழியாகச் சூட்டின் உந்தலாலேயே புகை மேலேறும் பழைய வகையாக அது இருந்தால், ஏட்டிக்கில் வலுவான ஃபேன் உண்டாக்கும் உறிஞ்சல், மேலே போக வேண்டிய புகையைத் திருப்பி உள்ளே இழுக்கக்கூடும். அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கலாம். நிறமும் மணமும் அற்ற நஞ்சு அது. ஃபேன் போடாவிட்டாலும் படுக்கையறைகளுக்கு அருகில் அதற்கான அலாரம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ரிட்ஜ் வென்ட். கூரையின் மேல்பகுதியில் ஃபேனும் அதற்குச் சில அடி தள்ளி முகட்டுத் திறப்பும் இருந்தால், ஃபேன் இறவாரத்திலிருந்து காற்றை இழுக்கச் சிரமப்படாமல் பக்கத்து முகட்டிலிருந்தே இழுத்துக்கொள்ளும். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த வெளியேறும் வழி நுழையும் வழியாக மாறி, மழைத்துளியையும் சேர்த்து உள்ளே கொண்டுவரும். இரண்டையும் சேர்த்து வைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். அங்குள்ள கட்டட விதி சில நிபந்தனைகளோடு ஏட்டிக் பரப்பில் 300-இல் ஒரு பங்கு திறப்பைக் கேட்கிறது. உங்களுக்கு அது 6 சதுர அடி. முகட்டிலும் இறவாரத்திலும் பாதிப் பாதியாக அது கிடைத்தால் காற்றோட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாஃபிட் திறப்புகளை உள்ளிருந்து இன்சுலேஷன் அடைத்துக் கிடக்கிறதா என்று டார்ச் எடுத்துப் பாருங்கள். அடைத்திருந்தால் அதை ஒதுக்கி, காற்றுக்கு வழிவிடும் பேஃபில் தகடுகளை வைக்க வேண்டும். பல வீடுகளில் நோய் இதுதான்.

மூன்றாவது, நண்பர் வீட்டு ஊதுபத்திக் கதை. சீலிங் விளக்குகள், குளியலறை ஃபேன்கள், ஏட்டிக்கில் ஏறும் மடிப்பு ஏணியின் மூடி என்று உங்கள் சீலிங்கில் காற்று கசியும் இடங்கள் இருக்கும். அவற்றை அடைக்காமல் ஃபேன் போட்டால், ஏ.சி. காற்று மேலே போய், அதன் இடத்தை நிரப்ப ஹூஸ்டனின் ஈரக்காற்று கதவிடுக்குகளில் நுழையும், ஏ.சி. அந்த ஈரத்தையும் பிழிய வேண்டியிருக்கும். பில் குறையும் என்று சொன்னவர் இந்த வரவு செலவைச் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார். இரண்டு ஃபேனுக்குச் செலவாகும் தொகையில் சீலிங் இடுக்குகளையும் ஏ.சி. குழாய் மூட்டுகளையும் அடைத்து, இன்சுலேஷனையும் கனமாக்கிக்கொண்டால் ஆகஸ்ட் மாதத்துக்கும் அது பயன்படும், ஜனவரிக்கும் பயன்படும். சூரிய ஒளியில் ஓடும் ஃபேனானால் மின்சாரம் இலவசம் என்பார்கள். மேலே சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றைக்கூட அது மாற்றுவதில்லை.

கேள்வி: எங்களுடையது மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. கீழே மரத்தட்டு உண்டு. சமையலறைப் புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, பைப்பை வெளியே கொண்டுபோகச் சுவர் உடைக்க மனமில்லாமல், மரத்தட்டுக்கு மேலேயே விட்டிருக்கிறோம். ஓட்டு இடுக்கு வழியாகப் போய்விடும் என்றார் கொத்தனார். இப்போது தட்டிலிருந்து எண்ணெய் வாடை வருகிறது. மேலே இன்னொரு ஃபேன் வைக்கலாமா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: கொத்தனார் ஓட்டைப் பற்றிச் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய இந்த ஓடு, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மழையைத் தடுத்தாலும் காற்றைத் தடுப்பதில்லை; ஆயிரம் மூட்டுகளின் வழியே கூரை முழுவதும் மூச்சு விடுகிறது. அதனால்தான் தகரக் கூரைக்காரர்கள் எழுதும் புகார் ஓட்டு வீட்டுக்காரர்களிடமிருந்து வருவது அரிது. வெப்பத்துக்காக உங்களுக்கு மச்சு ஃபேன் தேவையில்லை.

ஆனால் அந்த மூட்டுகள் வழியே போகக்கூடியது காற்றுதான். தாளிப்பின் எண்ணெய் ஆவி அன்று. அது மேலே ஏறியதும் ஆறி, கைமரத்திலும் ரீப்பரிலும் தட்டின் மேல்முகத்திலும் பிசினாகப் படிகிறது. அதன் மேல் தூசும் நூலாம்படையும் ஒட்டுகின்றன. நூறாண்டு காய்ந்த தேக்கோ அயினியோ, அதன் மேல் எண்ணெய்ப் பூச்சு, பக்கத்தில் பழைய வயரிங்: இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு ஃபேன் வைத்தால் அந்த எண்ணெயை இன்னும் பரவலாகப் பூசும், தீ பிடித்தால் காற்றும் கொடுக்கும்.

சமையலறை வெளிச்சுவரில் ஆறங்குலக் குழாய் போகும் அளவுக்குத் துளை போடுங்கள். வெட்டுகல் சுவரானாலும் கோர் கட்டர் கொண்டு வருபவர் சுற்றுச்சுவர் அதிராமல் துளைத்துக் கொடுப்பார். மழைநீர் உள்ளே ஓடிவராதபடி குழாய் வெளிப்புறமாகச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். முனையில் லூவர் மூடி இருக்கட்டும். அதற்குள் தட்டின் மேல் ஆளை ஏற்றிப் படிந்திருப்பதைச் சுரண்டி, சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் விட வேண்டாம்.